வீட்டுக்கு வெளியே ஒரு செவி

சங்க அகப்பாடல்களில் ஒரு நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வரும். மகள் மெலிந்துபோகிறாள். சோறு இறங்கவில்லை, உறக்கமில்லை, கைவளை கழன்று விழுகிறது. தாய் பதறுகிறாள். கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். வேலன் என்னும் பூசாரி வந்து கழங்கு பார்த்து, இது முருகனால் வந்த வாட்டம் என்கிறான். களம் அமைத்து, மறி அறுத்து, வெறியாட்டு நடக்கிறது. அந்த வீட்டில் அவள் மேல் யாருக்கும் அன்புக் குறைவில்லை. ஆனால் என்னம்மா உனக்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் யாரும் இல்லை. அவள் மனத்தில் ஒருவன் இருக்கிறான். அவனைப் பிரிந்து வாடுகிறாள். அதைத் தாயிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தெரிந்தவள் தோழி ஒருத்திதான். முடிவில் அவள்தான் துணிந்து, வளர்ப்புத்தாயான செவிலியிடம் உண்மையை எடுத்துரைக்கிறாள். அதை நம் இலக்கணக்காரர்கள் அறத்தொடு நிற்றல் என்று தனித் துறையாகவே வகுத்து வைத்தார்கள்.

பினாங்கில் இந்த நிகழ்ச்சி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் பெண் அறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாட்டைத் தட்டோடு திருப்பி அனுப்புகிறாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் அண்ணன் பகலிலும் உறங்குவதில்லை. சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறான். வீட்டில் முதலில் வரும் பேச்சு, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பது. அடுத்தது, ஏதோ பட்டுவிட்டது. பிறகு மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம், செவ்வாய்க்கிழமை சாமி பார்க்கும் வீடு. பல மாதங்கள் இப்படியே ஓடிவிடும்.

கோயிலுக்குப் போவதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. தண்ணீர்மலையில் பாலதண்டாயுதபாணி சந்நிதிக்கு ஏறும் 513 படிகளில் நம் மக்கள் இறக்கிவைத்த பாரம் கொஞ்சமில்லை. காவடி எடுத்துக் கீழே இறங்கியவன் முகத்தில் தெரியும் தெளிவு பொய்யில்லை. ஆனால் அந்தத் தெளிவோடு அவன் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான். அதே கடன், அதே சண்டை, அதே உறங்காத இரவு. அங்கே அவனோடு உட்கார்ந்து, எது எங்கிருந்து வந்தது, இனி என்ன செய்யலாம் என்று வாரா வாரம் சேர்ந்து யோசிக்க ஒரு மனிதர் வேண்டும். சாமியைக் கும்பிட்டபடியே அந்த மனிதரையும் தேடிப் போகலாம். ஒன்றுக்கு ஒன்று பகையில்லை.

அந்த மனிதர் வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாதா, நமக்கு இத்தனை சொந்தம் இருக்கிறதே என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் நம் துயரத்தில் ஒரு பங்கு இருக்கிறது. வேலை போய்விடும் போலிருக்கிறது என்று கணவன் சொன்னால், மனைவியின் காதில் விழுவது வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளி பஸ் காசும். அவளுடைய பயத்தைத் தேற்றும் வேலையும் அவன் தலையில் விழுகிறது. கல்யாணமாகி ஆறு மாதத்தில் மகள் தாய்வீட்டுக்கு வந்து அழுதால், தாய்க்கு முதலில் தோன்றுவது ஊர் என்ன பேசும் என்பது. “பொறுத்துப் போம்மா, எல்லா வீட்டிலயும் இருக்கிறதுதான்” என்கிறாள். அவள் கொடியவள் என்பதாலா? இல்லை. அவள் அறிந்த மருந்து அது ஒன்றுதான். அவளும் அதைக் குடித்து வளர்ந்தவள். நண்பனிடம் சொன்னால், “விடு மச்சான், வா, போய் ஒரு கிளாஸ் போடுவோம்” என்பான். அவனும் நல்லவன்தான்.

இப்படி நல்லவர்கள் நடுவிலேயே ஒரு மனிதன் வாயடைத்துப் போகிறான். யாரிடம் சொன்னாலும் யாருக்காவது வலிக்கும், யாராவது பயப்படுவார்கள், யாராவது நாளைக்குச் சொல்லிக் காட்டுவார்கள் என்ற நிலையில் அவன் சொல்லாமல் இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறான். தன்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத, தன் சொல்லால் காயப்படாத ஒருவரிடம்தான் அவன் முழுதாகப் பேச முடியும். பயிற்சி பெற்ற ஆலோசகர் அப்படிப்பட்டவர். அவர் அந்நியர் என்பதே இங்கே பெரிய நன்மை.

நம் பெரியவர்கள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களைக் குறை சொல்லக் கூடாது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி பினாங்கு துறைமுகத்தில் இறங்கியவர்கள் தாயையும் நிலத்தையும் பின்னால் விட்டு வந்தவர்கள். தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுக்கும் நமக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர். அழுதால் கேட்கும், முனகினாலும் கேட்கும். கங்காணியிடம் பலவீனம் காட்டினால் பேர் போய்விடும். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள். திரும்பி வந்தவர்கள் பலர் அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் வாய் திறக்கவே இல்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்தப் பிரிவையும் யாரும் உட்கார்ந்து பேசி ஆற்றிக்கொள்ளவில்லை. அடுத்த நாள் விடிந்தால் பால்மரம் காத்திருந்தது. பேசாமல் இருந்ததால்தான் அவர்களால் எழுந்து நிற்க முடிந்தது.

தோட்டம் போய் அடுக்குமாடி வந்தது. பலகைச் சுவர் போய்ச் செங்கல் சுவர் வந்தது. அந்த மௌனம் மட்டும் வீடு மாறும்போது கூடவே வந்துவிட்டது. இன்றைய வாழ்க்கையில் அது நம்மைக் காப்பாற்றுவதில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பேசப்படாத வலி ஆளோடு அடங்கி நிற்பதில்லை. வீட்டில் யார் எளியவரோ அவர் மேல் போய் விழுகிறது. மேலாளரிடம் திட்டு வாங்கியவன் மனைவியிடம் கத்துகிறான். மனைவி மூத்த பெண்ணை அடிக்கிறாள். மூத்தவள் தம்பியைக் கிள்ளுகிறாள். நாலு வயதுப் பிள்ளை எதற்காக அழுகிறோம் என்று தெரியாமலே அழுகிறது. சம்சுவும் கள்ளும் நம் குடும்பங்களை எப்படித் தின்றன என்று எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகள் பேசியது, எழுதியது. போத்தலைக் கையில் எடுத்தவனிடம் போத்தலைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. அவன் எதை மறக்கக் குடிக்கிறான் என்று கேட்க ஒருவர் வேண்டும்.

ஆகவே ஆலோசகரிடம் போவதைத் தன் சுகத்துக்காகச் செய்யும் காரியம் என்று நினைப்பது பிழை. என் வலி என் பிள்ளை மேல் விழக் கூடாது என்று நினைக்கிற தகப்பன் செய்ய வேண்டிய கடமை அது. பிள்ளைக்குக் கல்வி கொடுப்பதும் சாப்பாடு போடுவதும் எப்படி இல்லறத்தின் பாகமோ, தன் கோபத்தையும் துயரத்தையும் அவன் தலையில் இறக்காமல் இருப்பதும் அப்படியே.

இது எத்தனை வீடுகளின் கதை? மலேசிய சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கண்டது. 2023இல் அது 4.6 விழுக்காடு, ஏறத்தாழ பத்து லட்சம் பேர். நான்கே ஆண்டுகளில் இரண்டு மடங்கு. நடுவில் கோவிட் பெருந்தொற்றும் நடமாட்டக் கட்டுப்பாடும் வந்து போயின. நம் சமூகத்துக்கு இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. 2007இல் தொடங்கிய தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் அறிக்கைகள், மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இந்தியர்களிடையேதான் தற்கொலை மிக அதிகம் என்று காட்டின. அதற்கும் முன்பே மனநல மருத்துவர் டி. மணியம் கேமரன் மலையில் செய்த ஆய்வை 1988இல் வெளியிட்டு இதே கவலையை எழுப்பியிருந்தார். தலைமுறை ஒன்று கடந்துவிட்டது. நம் சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களில் இந்தக் கணக்கை யாராவது எடுத்துப் படித்திருக்கிறார்களா?

சட்டமும் நெடுங்காலம் வாயடைக்கவே செய்தது. 1860இல் இந்தியாவுக்கு வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டம், 1871இல் பினாங்கை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் வந்தது. அதன் வழியில் வந்த 309ஆவது பிரிவின்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்க முடிந்தது. சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பிய மனிதரை மருத்துவமனைக் கட்டிலிலேயே குற்றவாளி ஆக்கிய பிரிவு. அதை நீக்கும் மசோதாவை 2023 மே மாதம் மக்களவை நிறைவேற்றியது. இன்று அந்தப் பிரிவு இல்லை. இனி ஒரு குடும்பம், போலீஸ் வருமே என்று பயந்து உண்மையை மறைக்க வேண்டியதில்லை. இதை நம்மில் பலர் இன்னும் அறியவில்லை. வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டிய செய்தி இது.

ஆலோசகர் என்றவுடன் நம்மவர் வாயில் வரும் ஊர்ப்பெயர் ஒன்று உண்டு: தஞ்சோங் ரம்புத்தான். பேராக்கில் 1911இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை இருக்கும் இடம். இன்றைய பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. மூன்று தலைமுறையாக அந்தப் பெயரை ஏச்சாகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். “அங்கதான் உன்னைக் கொண்டுபோய் விடணும்” என்று பிள்ளைகளைக்கூட மிரட்டியிருக்கிறோம். அங்கே சிகிச்சை பெறுபவர்கள் நம் அண்ணன் தம்பிகள், நம் அத்தை மாமிகள். அந்த ஏச்சு அவர்களுக்குச் செய்த அநியாயம் ஒரு பக்கம். மறுபக்கம், உதவி தேட நினைத்தவர்களையும் அது வாசலிலேயே நிறுத்திவிட்டது.

யார் யார் என்ன செய்கிறார்கள் என்பதையும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து மேலே சிறப்புப் பயிற்சி பெற்றவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் சோதனைகள் வழியே நோயின் தன்மையைக் கண்டறிவார், பேச்சுவழிச் சிகிச்சையும் தருவார். ஆலோசகர் மருந்து தரமாட்டார். இழப்பு, மணவாழ்க்கைச் சிக்கல், வேலைத் துன்பம், பிள்ளை வளர்ப்பு, பயம், சோர்வு போன்றவற்றைப் பேசிக் கடக்கத் துணை நிற்பார். நோய் முற்றியிருப்பதாகத் தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புவதும் அவர் கடமை. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பில் தொலைபேசியை எடுப்பவர்கள் தொண்டர்கள். பொறுமையாகக் கேட்கப் பயின்றவர்கள். லண்டனில் சாட் வராஹ் என்ற பாதிரியார் 1953இல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் வழியில் வந்த தொண்டு அது. சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பும் அந்த வழியில் வந்ததே. நள்ளிரவில் தாங்க முடியாத நிலையில் அந்தத் தொண்டரின் குரல் உயிரைப் பிடித்து நிறுத்தும். வாரா வாரம் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலைக்கு ஆலோசகர் வேண்டும்.

மலேசியாவில் ஆலோசகர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ள முடியாது. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், அதாவது 580ஆவது சட்டம், அதற்கென ஒரு வாரியத்தை அமைத்தது. அந்த வாரியத்தில் பதிந்து, தொழில் செய்வதற்கான சான்றிதழும் பெற்றவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும். பி.ஏ. என்றதும் பட்டம் என்று எண்ண வேண்டாம். பதிவு பெற்ற ஆலோசகர், தொழிற்சான்று உடையவர் என்பதன் மலாய்ச் சுருக்கம் அது. ஃபேஸ்புக்கில் வாழ்க்கை வழிகாட்டி என்று விளம்பரம் செய்து ஒரே நாளில் தன்னம்பிக்கை தருவதாகச் சொல்பவரிடம் பணம் கட்டும் முன் இந்த எழுத்துகளைத் தேடுங்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் போக வேண்டாம்.

உள்ளே என்னதான் நடக்கும்? இப்படி ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஐம்பது தாண்டியவர். பிறையில் ஒரு தொழிற்சாலையில் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தவர். இழப்பீட்டுப் பணம் கரைந்துகொண்டிருக்கிறது. காலையில் வேலைக்குப் போவது போலவே உடுத்திக்கொண்டு கிளம்பி, காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். நெஞ்சு அடைக்கிறது என்று டாக்டரிடம் போனார். இதயம் நன்றாக இருக்கிறது, மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

சின்ன அறை. மேசைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இல்லாமல், இரண்டு நாற்காலிகள் சற்றே சாய்வாகப் போடப்பட்டிருக்கும். பேசுபவர் விரும்பினால் முகத்தைப் பார்க்கலாம், விரும்பாவிட்டால் சன்னலைப் பார்க்கலாம். இருவருக்கும் தெரியும்படி ஒரு கடிகாரம். கைக்கு எட்டும் தூரத்தில் டிஷ்யூ பெட்டி. முதலில் ஒரு ஒப்புதல் தாளை எடுத்து ஆலோசகர் வாசித்து விளக்குவார். இங்கே பேசுவது வெளியே போகாது. உங்கள் மனைவி கேட்டாலும், பழைய முதலாளி கேட்டாலும் சொல்லமாட்டேன். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு குழந்தை வதைபடுகிறது என்று தெரிந்தால், நீதிமன்றம் ஆணையிட்டால், அப்போது மட்டும் சொல்ல வேண்டி வரும். அதையும் முடிந்தவரை உங்களுக்குத் தெரிவித்துவிட்டே செய்வேன். படித்துப் பார்த்து அவர் கையெழுத்துப் போடுகிறார். அவர் வாழ்க்கையில் அவர் ரகசியத்துக்கு இப்படி எழுத்தில் காவல் கொடுத்தவர் இதுவரை யாரும் இல்லை.

முதல் நாள் அவர் நெஞ்சடைப்பைப் பற்றி மட்டும் பேசுகிறார். ஆலோசகர் புத்திமதி சொல்வதில்லை. “நம்பிக்கையோட இருங்கண்ணே” என்றும் சொல்வதில்லை. எந்த நேரத்தில் அடைக்கிறது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அப்போது மனத்தில் என்ன ஓடியது என்று கேட்கிறார். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதி வரச் சொல்கிறார். அடுத்த வாரம் நோட்டைப் பிரித்தால் ஒரு வரி தெரிகிறது: மகன் சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணவில்லை, வேலையில்லாத அப்பனை அவன் மதிக்கவில்லை. இதற்கு என்ன ஆதாரம் என்று ஆலோசகர் கேட்கிறார். யோசிக்கிறார். மகனுக்கு அந்த ஞாயிறு ஓவர்டைம் என்பது அவருக்கே தெரியும். வேலை போனதை மகனிடம் அவர் இன்னும் சொல்லவே இல்லை. தெரியாத ஒன்றுக்காக மகன் எப்படி மதிக்காமல் போவான்? அவர் முகத்தில் ஏதோ தளர்கிறது. அந்த வாரம் செய்ய வேண்டிய காரியத்தை இருவருமாக முடிவு செய்கிறார்கள்: மனைவியிடமும் மகனிடமும் உண்மையைச் சொல்வது, முதலில் எந்த வாக்கியத்தைச் சொல்வது என்பது உட்பட.

நம் எண்ணங்களை உண்மை என்றே நம்பிவிடாமல் எடுத்து வைத்துச் சோதிக்கும் இந்த முறையை 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்தார். மனச்சோர்வு கொண்டவர்களிடம் பேசிப் பேசியே அதைக் கண்டார். 2021இல் நூறு வயதில் காலமானார். அவருக்கு முன்பே கார்ல் ரோஜர்ஸ் இன்னொன்றைச் சொல்லியிருந்தார்: வந்தவரை எடைபோடாமல் ஏற்றுக்கொள்வதும், அவர் இடத்திலிருந்து பார்ப்பதும், போலியில்லாமல் இருப்பதும் ஆலோசகரிடம் இருந்தாலே மனிதர் தானே மாறத் தொடங்குவார் என்று. இன்று உலகெங்கும் ஆலோசகர்கள் படிக்கும் பாடம் இவ்விரண்டிலும் காலூன்றியது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்பவர்கள் கோவாவைப் பார்க்கலாம். அங்கே விக்ரம் பட்டேலும் சங்கத் என்ற அமைப்பும், மனநலத்தில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசனை தரவைத்தார்கள். கடும் மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். செய்யாமல் விட்ட சின்னச் சின்னக் காரியங்களை, நடக்கப் போவது, பழைய நண்பரைப் பார்ப்பது போன்றவற்றை, ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்க வைப்பதே அதன் சாரம். 2017இல் முடிவுகள் வெளியாயின. மூன்று மாத முடிவில் ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காடு. எட்டுச் சந்திப்பு என்பது இரண்டு மாதம். குறி கேட்டு அலையும் காலத்தைவிடக் குறைவு.

ஆலோசனையால் ஆகாததும் உண்டு. அது வாடகை கட்டாது, வேலை வாங்கித் தராது. அடிக்கிற கணவனோடு வாழ்பவளுக்குப் பொறுமை கற்பிப்பது ஆலோசனையே ஆகாது. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பு ஆணை பெற அவளுக்கு உரிமை தருகிறது. பினாங்கில் 1985இல் பெண்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய, இன்று பெண்கள் மாற்ற மையமாக வளர்ந்திருக்கும் அமைப்பு, இப்படி வருபவர்களுக்குக் கட்டணமில்லாமல் ஆலோசனையும் போலீஸ், மருத்துவமனை, நீதிமன்றம் போகத் துணையும் தருகிறது. அங்கே ஒரு பெண் உட்கார்ந்து பேசும்போது நடப்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? நான் செய்த தப்பு என்ன என்று ஆண்டுக்கணக்கில் தன்னையே கேட்டவள், இது என் தப்பு இல்லை என்று முதல் முறையாகத் தன் வாயால் சொல்கிறாள். அதன் பிறகுதான் போலீஸ் நிலையத்துக்கு நடக்கக் காலில் பலம் வருகிறது.

தமிழில் பேசும் ஆலோசகர்கள் நம் தேவைக்குப் போதாது என்பது பெரிய குறை. மலாயும் ஆங்கிலமும் சரளமாக வரும் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் போகலாம். ஆனால் தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டியை கிளினிக்குக்கு அழைத்துப் போகும் பேரன் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறான். டாக்டர், தூக்கம் வருகிறதா என்று கேட்கிறார். தூக்கம் வராததற்குக் காரணம் அந்தப் பேரனின் அப்பன்தான் என்றால் பாட்டி எப்படிச் சொல்வாள்? “வருதுய்யா, எனக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லி எழுந்துவிடுகிறாள். மனத்தின் காயத்தைப் பேரப்பிள்ளையின் வாய் வழியே சொல்லவைப்பது கொடுமை. பினாங்கில் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. கோயில்கள், சங்கங்கள், மண்டபங்கள் இருக்கின்றன. திருவிழாவுக்கும் விருந்துக்கும் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கு ஒதுக்கினால், வாரத்தில் இரண்டு மாலை ஒரு அறையைத் திறந்து வைத்து, பதிவு பெற்ற தமிழ் ஆலோசகர் ஒருவரை அங்கே உட்காரவைக்கலாம். ஆலோசனைத் துறையில் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம். டாக்டர், லாயர் என்று மட்டும் கனவு காணும் பெற்றோர் இந்தப் படிப்பையும் மதித்து அனுப்ப வேண்டும். கோயில் வளாகத்திலேயே அந்த அறை இருந்தால் கூச்சமும் குறையும். கும்பிட வந்தவர் அப்படியே உள்ளே போய்வரலாம்.

பணத்துக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம். மனம் சரியில்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கேள்வித்தாள் கொடுத்துச் சோதித்து, தேவைப்பட்டால் ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனைக்கோ வேறு இடத்துக்கோ எழுதிக் கொடுப்பார்கள். சமூக நலத் துறையிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மாணவராக இருந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவிலோ தொடங்கலாம். தனியாரிடம் போனால் ஒரு சந்திப்புக்கு நூறு வெள்ளிக்கு மேல் ஆகும். நேரம் வாங்கும்போதே கட்டணத்தைக் கேட்பதில் தவறில்லை, குறைத்துக் கொள்பவர்களும் உண்டு. அந்தச் செலவை வருமான வரியில் மருத்துவப் பரிசோதனைக்கான விலக்கின் கீழ்க் காட்டலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

போன் பண்ணும்போதே, தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா, பெண் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றில்லை. இரண்டு மூன்று முறை போயும் மனம் ஒட்டவில்லை என்றால், வேறொருவரைப் பார்க்க விரும்புகிறேன் என்று அவரிடமே சொல்லலாம். நல்ல ஆலோசகர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். தக்க ஒருவரை அவரே காட்டுவார். வீட்டில் ஒருவர் போய்வருகிறார் என்றால் கூடப் போங்கள், வெளியே காத்திருங்கள், உள்ளே என்ன பேசினாய் என்று மட்டும் குடையாதீர்கள். அவர் பாதியில் விட்டுவிட நினைக்கும் வாரம் ஒன்று வரலாம். பழைய காயத்தைத் தொடும்போது முன்பைவிட அதிகம் வலிக்கும். அப்போதுதான் அவருக்கு உங்கள் துணை அதிகம் வேண்டும்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் நேரம் வாங்கிக் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய ஹீல் எண் 15555. மகளிர், குடும்ப அமைச்சின் தாலியான் காசே எண் 15999. உடனே ஆபத்து என்றால் 999, அல்லது பக்கத்திலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அப்படி இருப்பவர் தானே எண்ணை அழுத்தும் நிலையில் இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் நீங்கள் அழுத்துங்கள், பேசி முடிக்கும் வரை அவரைத் தனியே விடாதீர்கள்.